கழிவுக்கும் ஒரு சேருமிடம்



சேருமிடம் எழுதாத மூட்டையை ரயில்வேயில் நாங்கள் ஏற்றுக்கொள்வதில்லை. ஆனால் நம் வீட்டு மலக்குழியைக் காலிசெய்து செல்லும் லாரி எங்கே போகின்றதென்று நாம் கேட்பதுண்டோ? பல ஊர்களில் அது ஏரியிலும் ஓடையிலுமே கொட்டுகின்றது.

பெங்களூருக்கு வடக்கே, திப்பு சுல்தான் பிறந்த தேவனஹள்ளியைக் காணுங்கள். பாதாளச் சாக்கடை இல்லாதிருந்த அச்சிறு நகரில், 2015-ஆம் ஆண்டில் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. நாளொன்றுக்குச் சுமார் 6,000 லிட்டர் கசடு ஏற்கும் அளவினது. லாரி கொணரும் கசடு முதலில் மூடிய தொட்டியில் காற்றின்றிச் செரிக்கின்றது. பின்னர்ப் படுகைகளில் உலர்கின்றது. உலர்ந்ததை ஊரின் மக்கும் குப்பையுடன் சேர்த்து எருவாக்குகின்றனர். அது உழவர் நிலத்துக்குப் போகின்றது. பிரிந்த நீரைச் செடிகள் வளர்ந்த சரளைக்கற் படுகை தூய்மை செய்கின்றது. நீர் தாழ்விடம் நோக்கிப் பாயும் இயல்பைக் கொண்டே பெரும்பாலும் வேலை நடைபெறுகின்றது.

பிழைப்புத் தேடி வந்த நம்மை வாழவைப்பது இவ்வூர். இதன் ஏரியைக் கெடுப்பது நன்றியாகுமா? லாரிக்குக் கூலி கொடுக்குமுன், "எங்கே கொட்டுவீர்?" என்று கேட்போம். தக்க விடை இல்லையெனில், சங்கத்தின் பெயரால் நகரசபைக்கு விண்ணப்பம் எழுதுவோம்.