வெற்றிடக் குழாயை அறிதல்



கல்வி என்றதும் நாம் பள்ளியையும் பட்டத்தையும் நினைக்கிறோம். மோட்டார்ப் பட்டறையும் ஒரு கல்விக்கூடமே. அங்கே ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் கையாளாக நம் பிள்ளைகள் நின்றுவிடக் கூடாது. பழுதின் காரணத்தை எடுத்துரைக்கும் வல்லுநராக உயர வேண்டும். அதற்கு ஒவ்வோர் உறுப்பின் பெயரும் வேலையும் தெரிந்திருத்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, அம்பாசிடர் காரின் வெற்றிடக் குழாயை இன்று ஆராய்வோம்.

மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் தயாரித்து வந்த இவ்வண்டியின் உற்பத்தி 2014இல் நின்றது. ஆயினும் பழைய வண்டிகளைப் போற்றிக் காப்போர் உளர். அவற்றுள் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம்.

பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றை இழுக்கிறது. கார்புரேட்டரின் த்ராட்டில் தகடு அக்காற்றைத் தடுப்பதால் மேனிபோல்டில் அழுத்தம் குறைகிறது. இதையே வெற்றிடம் என்கிறோம். நல்ல நிலையிலுள்ள எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது வாக்குவம் கேஜ் பாதரச அளவில் ஏறத்தாழ 17 முதல் 21 அங்குலம் காட்டும். முள் ஆடாது நிற்கும்.

எஞ்சின் மீது பல குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. இவற்றுள் வெற்றிடக் குழாய் எது? நம் முன்னோர் கழனிகளில் மடை திறந்து மடை அடைத்தவர்கள். வாய்க்கால் எந்த மதகில் பிரிந்து எந்தக் கடைமடையில் முடிகிறது என்பதை நடந்தே அறிந்தவர்கள். குழாயையும் அவ்வாறே தொடக்கம் முதல் முடிவு வரை விரலால் தொடர வேண்டும்.

பெட்ரோல் பம்பிலிருந்து கார்புரேட்டருக்குச் செல்வது பெட்ரோல் குழாய். ராக்கர் கவரிலிருந்து ஏர் பில்டருக்குச் செல்வது எஞ்சினின் புகையை வெளியேற்றும் குழாய். த்ராட்டில் தகட்டின் அருகிலிருந்து புறப்பட்டு டிஸ்ட்ரிபியூட்டரை அடையும் மெல்லிய குழாயே நாம் தேடுவது. மேனிபோல்டிலிருந்து தடித்த ரப்பர்க் குழாய் ஒன்று பிரிந்து சென்றால், அது பிரேக் பூஸ்டருக்கு உரியது. பூஸ்டர் இல்லாத வண்டிகளில் அது இராது.

மெல்லிய குழாய் முடியும் இடத்தில் வட்டமான தகரப் பெட்டி ஒன்று உண்டு. அதனுள் ஒரு டயாப்ரமும் ஸ்பிரிங்கும் உள்ளன. வண்டி பாரமின்றிச் சீராக ஓடும்போது சிலிண்டருக்குள் செல்லும் கலவை குறைவு. அது மெதுவாக எரியும். ஆதலின் தீப்பொறி சற்று முன்னதாக வர வேண்டும். வெற்றிடம் டயாப்ரத்தை இழுக்க, அதனோடு இணைந்த கம்பி டிஸ்ட்ரிபியூட்டரின் உட்தகட்டைத் திருப்பி அதைச் செய்கிறது. டயாப்ரம் கிழிந்தாலோ, குழாயின் ரப்பர் முனை வெடித்தாலோ அவ்வேலை நடவாது. பெட்ரோல் செலவு கூடும்.

சோதிக்கும் முறை எளிது. எஞ்சினை நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பெட்டியில் தூய ரப்பர்க் குழாயொன்றைப் பொருத்தி வாயால் உறிஞ்ச வேண்டும். உட்தகடு அசைய வேண்டும். குழாய் முனையை நாவால் அடைத்தால் அசைந்த இடத்திலேயே நிற்க வேண்டும். திரும்பிவிட்டால் டயாப்ரம் கிழிந்தது எனத் தெளியலாம்.

கரை உடைந்த வாய்க்கால் கடைமடைக்கு நீர் தராது என்பதை அறிந்தவர்க்கு இக்கல்வி அயலானதன்று. காரணம் அறிந்து கருவியைக் கையாளும் இளைஞனின் உழைப்பை எவரும் எளிதில் மலிவாக மதிப்பிட இயலாது. அத்தகைய இளைஞர்களை ஊர்தோறும் உருவாக்குவோம்.