கிளாடா மோதிரமும் டர்க்காய்ஸ் கல்லும்

அயர்லாந்தின் மேற்குக் கரையில் கால்வே நகரை ஒட்டி இருந்த ஒரு பழைய மீனவக் குப்பம், கிளாடா. அதன் பெயரிலேயே ஒரு மோதிரம் இருக்கிறது. இரண்டு கைகள் ஓர் இதயத்தை ஏந்தியிருக்கும், மேலே ஒரு கிரீடம். கைகள் நட்புக்கு, இதயம் காதலுக்கு, கிரீடம் விசுவாசத்துக்கு. வலக்கையில் இதயத்தின் நுனி விரல்நுனியைப் பார்த்திருந்தால் இன்னும் துணை அமையவில்லை என்று அர்த்தம். மணமானவர்கள் இடக்கையில், நுனி மணிக்கட்டைப் பார்க்கும்படி போட்டுக்கொள்வார்கள்.

அந்த இதயத்தில் டர்க்காய்ஸ் பதித்த மோதிரமும் கிடைக்கிறது. கண்ணைப் பறிக்கும் நீலம்தான், ஆனால் மிருதுவான கல். கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் வைரம் 10, இது 5 முதல் 6 வரைதான். நுண்துளைகள் வேறு. சென்ட், கிரீம், வியர்வை எல்லாம் உள்ளே இறங்கினால் நீலம் பச்சையாக மாறிவிடும். அதனால் அலங்காரம் முடிந்த பிறகு, கடைசியாகத்தான் மோதிரத்தைப் போடவேண்டும். கழற்றியதும் மெல்லிய துணியால் துடைத்தால் போதும், சோப்பு நீரில் ஊறவைக்கவே கூடாது.

வாங்கும்போது கவனம். ஹவ்லைட் என்ற வெள்ளைக் கல்லுக்குச் சாயமேற்றி டர்க்காய்ஸ் என்று விற்பதுண்டு. பிசின் ஏற்றி உறுதிப்படுத்திய அசல் கல் அப்படியல்ல. தினமும் அணிய அதுவே நல்லது. எந்த வகை என்பதைக் கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.