புள்ளும் விரிச்சியும்

(சங்கரன்கோவில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



ஆடித்தவசுக்கு இவ்வூர்க் கோயிலுக்கு வருவோர் பாம்பு, தேள் உருவங்களை வாங்கிக் காணிக்கையிடுகின்றனர். புற்றுமண்ணை நெற்றியிலும் புண்ணிலும் பூசிக்கொள்கின்றனர். இவ்வழக்கின் பிறப்பிடம் தொலைவில் இல்லை. ஊரைச் சுற்றிலும் கரிசல் நிலம். வெடிப்பு விட்ட கரிசலில் வைகறை இருளில் வெறுங்காலோடு நடந்த உழவனுக்கு நச்சுயிர்களைப் பற்றிய அச்சம் இயல்பே. அவ்வச்சம் நேர்த்திக்கடனாயிற்று. ஆயினும், புற்றைக் கட்டியது கறையான், பாம்பு பின்னே குடிபுகுந்தது என்று பழமொழி கூறியவனும் அவ்வுழவனே. அறிவும் அச்சமும் ஒரே நெஞ்சில் குடியிருந்தன.

குறி பார்த்தலின் வேரும் இத்தகையதே. ‘சகுனம்’ என்னும் வடசொல்லுக்கு முதற்பொருள் பறவை. நம் ‘புள்’ என்னும் சொல்லுக்கும் பறவை, குறி என இரு பொருளும் உண்டு. கிரேக்கரின் ‘ஒயோனோசு’ என்னும் சொல்லும் அவ்வாறே. பண்டை உரோமில் பறவை பார்த்துக் குறி கூறுவோர் அரசு மதிப்புப் பெற்ற குழுவினர். இத்துணை மக்களும் பறவையையே நோக்கியதற்குக் கரணியம் என்ன? வேட்டுவனுக்கும் ஆநிரை கவரச் சென்றவனுக்கும் பறவை மெய்யாகவே செய்தி சொல்லிற்று என்பதே பொருந்தும் விளக்கம். புதரினின்று பறவை திடுமென எழுந்தால் அங்கே விலங்கோ பகைவனோ உண்டு. பருந்து வட்டமிட்டால் கீழே இரையுண்டு. கூர்ந்து நோக்கியவன் பிழைத்தான். காடு போயிற்று, நோக்கும் போயிற்று, சடங்கு மட்டும் எஞ்சிற்று.

பண்டைத் தமிழர் நாள் பார்த்ததே இல்லை என்று மேடையில் முழங்குவார் உளர். அது மெய்யன்று. நன்னாள் பார்த்து மணம் நிகழ்ந்ததை அகநானூறு காட்டுகிறது. தமிழ்ப்பற்றுக்குப் பொய் துணை வேண்டா. ஆனால் பகலை எட்டாகப் பகுத்துக் கிழமைக்கொரு ஒன்றரை மணியைத் தீயதென ஒதுக்கும் இராகுகாலமும், பல்லி எவ்வுறுப்பில் விழுந்தால் என்ன பயன் என்னும் பட்டியலும் பின்னே வந்த ஐந்திறச் சரக்குகள்.

விரிச்சி என்பதை நம் நூல்கள் அழகுறக் கூறுகின்றன. நப்பூதனாரின் முல்லைப்பாட்டில், போர்மேற் சென்ற மன்னனை எண்ணித் துயருறும் தலைவிக்காகப் பெருமுது பெண்டிர் மாலைப் பொழுதில் ஊர்ப்புறம் செல்கின்றனர். நெல்லும் முல்லையும் தூவித் தொழுது நிற்கின்றனர். தாய்ப்பசுவைக் காணாது வருந்தும் கன்றிடம், ‘உன் தாயர் இப்பொழுதே வருவர்’ என்கிறாள் ஓர் ஆய்மகள். அச்சொல்லே நற்சொல்லாகிறது. பிரிந்திருப்பவளைத் தேற்ற ஒரு சொல் வேண்டியிருந்தது. அதைக் கொண்டுவந்து தந்தவர்கள் முதுபெண்டிர்.

இன்றோ, புறப்படும் வாயிலில் கைம்பெண் எதிர்ப்பட்டால் திரும்பி வந்து நீர் அருந்தி அமர்கின்றனர். பறவைமேல் இருந்த குறி பெற்ற தாயின்மேல் ஏறிற்று. பறவைக்கு அது தெரியாது, அவளுக்குத் தெரியும். இப்பழி முழுவதையும் வடவர்மேல் ஏற்றிவிட்டு அமைதல் எளிது. ஆனால் கைம்மை உணவையும் பருக்கைக்கல் படுக்கையையும் வெறுத்துத் தீப்புகத் துணிந்த பெருங்கோப்பெண்டின் பாட்டு நம் புறநானூற்றிலேயே 246-ஆம் பாட்டாக நிற்கிறது.

1967-இல், அறிஞர் அண்ணா முதலமைச்சராயிருந்தபோது, சீர்திருத்தத் திருமணம் செல்லும் என்று நம் சட்டமன்றம் சட்டம் செய்தது. நாள் பாராது, வேளை பாராது, குறள் ஓதி மணம் முடிப்போர் இன்று பலர். அத்தகைய பந்தலிலும் மாலை எடுத்துக் கொடுக்க யாரை அழைக்கின்றனர் என்று பாருங்கள். கணவனை இழந்தபின் மகனைத் தனியளாய் உழைத்து ஆளாக்கிய தாய் அடுக்களை வாயிலில் தூணோடு ஒட்டி நிற்பாள். அங்கே நில் என்று எவரும் சொல்லவில்லை. அவளே போய் நின்றுகொண்டாள். முன்னே வா என்றும் எவரும் சொல்லவில்லை. முல்லைப்பாட்டைப் பாடம் சொல்லும் தமிழாசிரியர் இல்லத்திலும் இதைக் காணலாம்.