சப்பாத்திக்கள்ளி எடுக்கும் வகுப்பு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"வகைப்பாட்டியல் எதுக்கு சார்? பேரை மனப்பாடம் பண்றதுதானே?" என்று தாவரவியல் மாணவர்கள் கேட்பதுண்டு. இதற்கு நம் கடற்கரை மணலில் புதராக மண்டும் சப்பாத்திக்கள்ளியே பதில் சொல்லட்டும்.

தாவரவியலில் இதன் பெயர் ஒபன்ஷியா டில்லெனி. பூர்வீகம் கரீபியக் கடலோரம். சங்கப் பாடல்களில் வரும் கள்ளி இதுவல்ல. அது இந்த மண்ணின் கள்ளி. ஒடித்தால் பால் வடியும். இதை ஒடிச்சா வழவழன்னு கூழ்தான் வரும். இரண்டும் வேறு வேறு குடும்பம்.

சப்பாத்தி மாதிரி தட்டையாக இருப்பதை இலை என்கிறோம். அது இலையில்லீங்க, தண்டு! இளந்தண்டில் குட்டி குட்டியாக நிஜ இலைகள் முளைத்துச் சீக்கிரமே உதிர்ந்துவிடும். முள்ளும் இலையின் மறுவடிவம்தான். பெரிய மஞ்சள் முள்ளைவிடப் பொல்லாதது, அதன் அடியில் கொத்தாக இருக்கும் மயிர்முள். கையில ஏறினா லேசில் வராது. அந்த மயிர்முள் பழத்தின் மேலும் ஏன் இருக்கிறது? பூவின் சூலகம் தண்டுத் திசுவில் புதைந்திருப்பதால், பழத்தோலும் தண்டின் தொடர்ச்சியே.

இதன் துளைகள் வெயிலில் மூடி, இரவில் திறக்கும். இரவில் வாங்கிய கரியமிலவாயுவை அமிலமாகச் சேமித்து, பகலில் உணவு தயாரிக்கும். அதனால் தண்ணீர்ச் செலவு குறைவு. ஒரு துண்டு விழுந்தாலும் வேர்விட்டுவிடும். வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் இது விழுங்கியதில் வியப்பென்ன?

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1795-இல் சிவப்புச் சாயத்துக்காக பிரேசிலிலிருந்து ஒரு செதில் பூச்சியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். உயர்ந்த சாயம் தரும் இனம் என்று நம்பினார்கள். வந்ததோ வேறு இனம். சாயம் சரிப்படவில்லை. ஆனால் ஒபன்ஷியா மோனகாந்தா என்ற இன்னொரு சப்பாத்திக்கள்ளியை அது தின்று அழித்தது. பக்கத்திலேயே நின்ற டில்லெனியை அது ஒன்றும் செய்யவில்லை! பிறகு, 1926-இல் இலங்கையிலிருந்து வேறொரு செதில் பூச்சி வந்தது. பார்வைக்கு அதுவும் அதே வெள்ளைப் பஞ்சுதான். நசுக்கினால் அதே சிவப்புதான். அது டில்லெனியைப் பிடித்துக்கொண்டது. சில ஆண்டுகளில் தென்னிந்தியாவில் பெரும் பரப்பு விடுதலை பெற்றது.

நாம 'கள்ளி'ன்னு ஒரே பேர்ல கூப்பிட்டதை, பூச்சி இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. இனம் தெரியாமல் தப்பான பூச்சியை விட்டிருந்தால், நிலம் முள்காடாகவே கிடந்திருக்கும்.

மாணவச் செல்வங்களே, பெயர் என்பது வெறும் லேபிள் அல்ல. ஓர் உயிர் எதைத் தாங்கும், எதற்குப் பணியும் என்று திறந்து காட்டும் சாவி. அடுத்த முறை கடற்கரைக்குப் போனால், ஒரு கைலென்ஸ் எடுத்துக்கிட்டுப் போங்க. முள்ளில் மட்டும் கை வைக்காதீங்க!