மூன்றெழுத்தும் அவற்றின் பொருளும்

ஆங்கில எழுத்துகளைக் கலைத்துக் கொடுத்துச் சொல்லாக அடுக்கச் செய்வது வகுப்பறைகளிற் பழகிய விளையாட்டு. ஈ, ஏ, ரீ என்னும் மூன்றெழுத்தையும் அவ்வரிசையில் வைத்தால் 'ஈற்' என்றாகி உண்ணுதலைக் குறிக்கும். முதலெழுத்தைக் கடைசிக்குத் தள்ளினால் 'ஏற்' என்றாகும். உண்டாயிற்று என்பது பொருள். மீண்டும் அவ்வாறே தள்ளினால் தேநீர் வந்துவிடும்! இடம் பெயர்ந்த எழுத்து ஒலியையும் மாற்றிக்கொள்கிறது. 'ஏற்' என்பதன் கடையிலுள்ள ஈ வாய்திறவாது நிற்கிறது. பிள்ளைகள் இடறுவது பெரும்பாலும் இங்கேதான்.

தமிழில் எழுத்துக்கு இத்தகைய மாயமில்லை. ல், ட, க என்னும் மூன்றையும் கலைத்து வைத்தாலும் விடை ஒன்றே. மொய்யான ல் சொல்லைத் தொடங்காது. டகரமும் தமிழ்ச்சொல்லுக்கு முதலாகாது. ஆகவே ககரமே முன்வந்து 'கடல்' தோன்றும். மொழிமுதல் எழுத்துகளைத் தொல்காப்பியர் வரையறுத்து வைத்ததன் பயனை இவ்விளையாட்டிலுங் காணலாம்.

சொல் சிறிதாயினும் பொருள் சிறிதாக வேண்டுவதில்லை. ஓரெழுத்தே சொல்லாக நிற்பவை நாற்பத்திரண்டு என்பது நன்னூற் கணக்கு. அவற்றுள் நெடில் நாற்பது, குறில் இரண்டே. 'து' என்றால் உண். 'நொ' என்றால் வருந்து. ஆங்கிலேயர் மூன்றெழுத்திற் சொன்ன உண்ணுதலை நம்மவர் ஓரெழுத்திலே முடித்துவிட்டனர். அந்த 'நொ' என்னும் எழுத்து கிளிநொச்சி என்ற ஊர்ப்பெயரின் நடுவிலும் இருக்கிறது. ஆயினும் அங்கே அது வருத்தமன்று, நொச்சிச் செடியின் முதலெழுத்து. எழுத்தை மட்டும் பார்த்துப் பொருள் கூறுவோர்க்கு இஃதோர் எச்சரிக்கை.

வன்னியில் 2008, 2009ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்து கல்வியை இழந்த சிறுவர் பலர் இன்று பெற்றோராயுள்ளனர். பிள்ளை கொணரும் பயிற்சித்தாளில் எழுத்துகள் ஒழுங்காய் அடுக்கப்பட்டனவா என்பதை அவர்கள் விடைத்தாளைப் பார்த்தே சொல்லிவிடலாம். பொருளை எவர் சொல்வது? அடுக்கிய சொற்குப் பக்கத்திலே தமிழ்ப் பொருளையும் ஒரு சிறு வாக்கியத்தையும் எழுதுவிப்பது ஆசிரியர்க்குச் சிறு வேலையே. வீட்டிலே அந்தத் தாளைப் பிள்ளையோடு தாயும் படிப்பாள். ஓ, என், டபிள்யூ என்னும் எழுத்துகள் 'நௌ' எனின் இப்போது. 'வொன்' எனின் வென்றது. 'ஓன்' எனின் சொந்தம். மீளக் குடியேறிய வீடொன்றில், 'இது எங்கள் சொந்தக் காணி' என்பதைவிட அந்த மூன்றாஞ் சொல்லுக்கு வேறு வாக்கியம் தேடவேண்டியதில்லை.