மோட்டார் சைக்கிள்: பயனும் ஆபத்தும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

மோட்டார் சைக்கிள் இன்று நமக்கு ஆடம்பரப் பொருளன்று. சின்னசேலம், தியாகதுருகம், கச்சிராயபாளையம் என ஊர் ஊராகச் சரக்கு கொண்டு செல்லும் சிறு வியாபாரிக்கு அதுவே கடை. பேருந்து அரிதாகச் செல்லும் கல்வராயன் மலைச் சிற்றூர்களுக்கு அதுவே போக்குவரத்து. நள்ளிரவில் மருந்து வாங்கவும் அதுவே உதவுகிறது. எனவே, அதனை விலக்குங்கள் என்று நாம் கூறவில்லை.

ஆயினும், 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள்.

பெருநாள் தொழுகை முடிந்ததும் நம் பிள்ளைகள் மேகம் அருவி, பெரியார் அருவி என்று மலையேற விரும்புகின்றனர். மலையில் ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதே ஆபத்தானது. பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக எண்ணி, எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவோர் உண்டு. அப்போது பாரம் முழுவதும் பிரேக்கின் மீதே விழுகிறது. இடைவிடாது அழுத்தினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்கினால் எஞ்சினே வேகத்தைத் தடுத்து நிறுத்தும். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். கொண்டை ஊசி வளைவில் அவ்வளவு தூரம் நமக்குக் கிடைக்காது. மூவர் அமர்ந்த வண்டி வளைவில் எளிதில் நிலைதடுமாறும்.

தலைக்கவசம் மரணத்தை நூற்றுக்கு 42 அளவிலும், தலைக்காயத்தை 69 அளவிலும் குறைப்பதாக 2008இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. "பக்கத்துத் தெருதானே" என்று அதனை வீட்டில் வைத்துச் செல்வதும், போலீஸைக் கண்டபின் மாட்டுவதும் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். பின்னால் அமர்பவருக்கும் அது கட்டாயம். தாய்மார்கள் புர்காவின் ஓரமும் துப்பட்டாவின் முனையும் சக்கரத்தில் சிக்காதபடி மடித்து அமர வேண்டும்.

பெற்றோரிடம் ஒரு சொல். கியர் வண்டி ஓட்ட 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வண்டியின் பதிவு ஓராண்டு ரத்தாகும். அச்சிறுவன் 25 வயதுவரை உரிமம் பெற இயலாது. பிள்ளையின் பிடிவாதத்துக்கு இணங்கிச் சாவியைக் கொடுப்பது பாசமாகாது.

உயிர் அல்லாஹ் நமக்களித்த அமானிதம். ஆகவே, உரிமம் இல்லாத பிள்ளைக்குச் சாவி இல்லை; தலைக்கவசம் இன்றிப் பயணம் இல்லை; ஒரு வண்டியில் மூவர் இல்லை என்ற மூன்று முடிவுகளை ஒவ்வொரு வீடும் இன்றே எடுக்குமாறு வேண்டுகிறோம். வல்ல இறைவன் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக! வஸ்ஸலாம்.