பழைய மாணவருக்கு ஒரு மடல்

கல்லூரியை விட்டு வெளியேறிப் பல்லாண்டுகள் கழிந்த பின்னர், அக்கல்லூரியின் பெயர் தாங்கிய மடல் ஒன்று வீடு தேடி வருமானால், எத்தனை வயதினர்க்கும் உள்ளம் சிறிதே துள்ளும். தாம் தங்கியிருந்த அறை இன்னும் இருக்கிறதா, அதில் இப்போது வாழ்பவர் யாவர் என்று அறிய ஆவல் எழும். அமெரிக்க நாட்டில் இவ்வகை மடல் ஒரு மரபாகவே வளர்ந்திருக்கிறது. அங்குள்ள கல்லூரிகளில் மாணவர் சகோதர சங்கங்கள் பல உண்டு. ஒவ்வொரு சங்கத்திற்கும் பல கல்லூரிகளில் கிளைகள் உண்டு. அக்கிளைகள் தம் பழைய உறுப்பினர்க்கு அனுப்பும் செய்தி மடலைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகிறேன்.

இச்சங்கங்களின் வரலாறு 1776-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அமெரிக்கா விடுதலைப் பிரகடனம் செய்த அதே ஆண்டின் டிசம்பர் 5-ஆம் நாள், வர்ஜீனியாவிலுள்ள வில்லியம் அண்டு மேரி கல்லூரி மாணவர் ஐவர் கூடி, 'ஃபை பீட்டா காப்பா' என்னும் சங்கத்தை நிறுவினர். கிரேக்க மொழியில் அமைந்த ஒரு குறிக்கோளின் முதலெழுத்துக்களே அதன் பெயராயின. மெய்யறிவில் கொண்ட அன்பே வாழ்க்கைக்கு வழிகாட்டி என்பது அதன் கருத்து. பின்னாளில் அது கல்வியிற் சிறந்தோரைப் போற்றும் அமைப்பாக மாறிற்று. எனினும், கிரேக்க எழுத்துக்களைப் பெயராகச் சூடும் வழக்கம் நிலைத்துவிட்டது. 1825-இல் யூனியன் கல்லூரியில் 'காப்பா ஆல்ஃபா' தோன்றியது. பிறகு பற்பல சங்கங்கள் தோன்றின. பெண்களும் தமக்கெனச் சங்கங்கள் கண்டனர். பீட்டா தீட்டா பை என்னும் சங்கம் 1872-இலேயே தனக்கென ஓர் இதழைத் தொடங்கிவிட்டது. சிதறி வாழும் உறுப்பினரை ஒரு நூலிற் கோத்து வைக்க அச்செழுத்தே வேண்டும் என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர்.

கிளை மடலில் என்னென்ன இருக்கும்? இவ்வாண்டு புதிதாகச் சேர்ந்தவர் இத்தனை பேர். தேர்வில் பெற்ற சராசரி மதிப்பெண் இவ்வளவு. சங்க இல்லத்தின் கூரை ஒழுகுகிறது, பழுது பார்க்கப் பொருள் தேவை. இலையுதிர் காலத்துக் கால்பந்தாட்டத்தின்போது பழைய மாணவர் அனைவரும் வருக. இன்னார்க்குத் திருமணம் நிகழ்ந்தது, இன்னார் மறைந்தார். அயலார்க்கு இவை அற்பச் செய்திகள். உறுப்பினர்க்கோ, ஒவ்வொரு வரியும் ஒரு முகம். தந்தி நடையிலே எழுதப்பட்ட மரண அறிவிப்பு ஒன்று, நாற்பதாண்டுகளுக்கு முன் தம்முடன் ஒரே மேசையில் உணவுண்ட நண்பனைக் கண்முன் நிறுத்திவிடும்.

மாணவர்களே, இத்தகைய சகோதரத்துவத்திற்கு இரு முகங்கள் உண்டு. 'நாம்' என்று சொல்லும்போதே 'நீ அல்ல' என்று பிறரை விலக்கும் ஆபத்தும் அதனுள் இருக்கிறது. ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் இயங்கிய 'ஃபை காப்பா சை' சங்கத்தின் கிளை, 1948-இல் கறுப்பின மாணவர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தது. அதற்காகத் தலைமைச் சங்கம் அக்கிளையையே விலக்கி வைத்தது. கிளையினரோ பின்வாங்கவில்லை, தனிச் சங்கமாகவே நின்றனர்.

மற்றொரு முகத்தையும் காணுங்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்ற கறுப்பின மாணவர் அறுவர், 1905-இல் புதிய கல்வியாண்டு தொடங்கியபோது திரும்பி வரவில்லை. எஞ்சியோர் ஒருவர்க்கொருவர் துணையாகக் கூடிப் படிக்கலாயினர். அதிலிருந்தே 1906 டிசம்பர் 4-ஆம் நாள், எழுவர் முயற்சியால் 'ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா' சங்கம் பிறந்தது. 1914-இல் 'ஸ்பிங்க்ஸ்' என்னும் இதழையும் அது தொடங்கிற்று. 1959-இல் இந்தியாவுக்கு வந்து நம் சென்னையையும் கண்டு சென்ற மார்ட்டின் லூதர் கிங் அச்சங்கத்தின் உறுப்பினரே. 2011-இல் வாஷிங்டனில் திறக்கப்பட்ட அவரது நினைவுச் சின்னம், அச்சங்கத்தார் முன்வைத்து முயன்றதன் பயனாகும். திரும்பி வராத அறுவரை எண்ணியோர் தொடங்கிய உறவு எத்துணைத் தூரம் சென்றது, பாருங்கள்!

இனி, மடலில் எழுதப்படாத செய்திக்கு வருகிறேன். புதியவர்களைச் சோதனை என்ற பெயரால் துன்புறுத்தும் கொடிய வழக்கம் அச்சங்கங்கள் பலவற்றில் வேரூன்றியது. உயிரிழந்த மாணவர்களும் உண்டு. 'இல்லம் செழிக்கிறது' என்று கூறும் மடல்கள் இதனைக் கூறுவது அரிது. ஆகவேதான், இத்தகைய நிகழ்ச்சிகளைக் கல்லூரிகள் வெளிப்படையாக அறிவித்தாக வேண்டும் என்று 2024 டிசம்பரில் அந்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. நம் தமிழ்நாட்டிலும் பகடிவதையைத் தடுக்க 1997-இலேயே சட்டம் வந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

அமெரிக்கரைக் குறை கூற எனக்குத் தகுதி உண்டா? நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியிலும் பழைய மாணவர் மன்றம் ஒன்று இருந்தது. ஆண்டுதோறும் அவர்கட்கு நானே மடல் எழுதுவேன். ஓராண்டு, விடுதியில் மூத்த மாணவர் சிலர், புதிதாய்ச் சேர்ந்த சிறுவர்களை நள்ளிரவில் எழுப்பி முழங்காலிடச் செய்தனர். தம் துணிகளைத் துவைக்கச் செய்தனர். பொங்கல் விடுமுறைக்கு ஊர் சென்ற சிறுவன் ஒருவன் திரும்பவே இல்லை. மூத்தவர்களை அழைத்துக் கண்டித்தேன். ஆனால், மடலில் 'விடுதி செவ்வனே நடைபெறுகிறது' என்று எழுதினேன். பள்ளியின் நற்பெயரைக் காப்பதாக என் மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

சில வாரங்களுக்குப் பின் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். அம்மடலை மேசைமீது வைத்தார். "ஐயா, திரும்பி வராத அந்தப் பையன் என் அக்காள் மகன். நம் பள்ளி என்று சொல்லி நான்தான் சேர்க்கச் செய்தேன்," என்றார். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுத் தொடர்ந்தார்: "அதே விடுதியில் நானும் ஒரு காலத்தில் சிறுவர்களை முழங்காலிட வைத்தவன்தான். நீங்கள் எழுதியிருந்தால், நானே வந்து இந்தப் பிள்ளைகளிடம் அதைச் சொல்லியிருப்பேனே!"

நான் விடை கூற இயலாது தலைகுனிந்தேன். அவர் சினந்து பேசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த ஆண்டு மடலில் நடந்ததை நடந்தவாறே எழுதினேன். நற்பெயர் கெடும் என்று நண்பர் சிலர் எச்சரித்தனர். ஆனால், பழைய மாணவர் சிலர் மாதம் ஒருவராக விடுதிக்கு வந்து, ஓரிரவு தங்கிப் பிள்ளைகளோடு உண்டு உரையாடத் தொடங்கினர். அவ்வாண்டு நள்ளிரவுத் தொல்லை எழவில்லை. அந்தச் சிறுவனோ வேறு பள்ளியில் படித்து முடித்தான், எங்களிடம் திரும்பவில்லை. அக்குறை என்னோடு இருக்கிறது.

மாணவச் செல்வங்களே, நாளை நீங்களும் பழைய மாணவர் ஆவீர்கள். உங்களில் சிலர் அத்தகைய மடலை எழுதும் பொறுப்பையும் ஏற்பீர்கள். அப்போது வெற்றிகளை எழுதுங்கள்; ஒழுகும் கூரையையும் எழுதுங்கள்; திரும்பி வராதவனையும் மறவாது எழுதுங்கள். மடலைப் பெறுவோராயின், பணவிடை அனுப்பியதோடு கடமை முடிந்ததென்று எண்ணாதீர்கள். ஒரு முறையேனும் நேரிற் சென்று, புதிதாய்ச் சேர்ந்த பிள்ளையின் அருகில் அமர்ந்து, "தம்பி, இங்கே நலமாக இருக்கிறாயா?" என்று கேளுங்கள். அவன் கூறும் விடையே அந்நிலையத்தின் உண்மையான செய்தி மடல்.